இரைதாவின் எச்சில்

நெலிதா அடுப்படிக்குள் காலை வைத்ததும் மசாத்தோத் தொட்டி பேச்சை நிறுத்தியது.

பேச்சு என்றால் சிரிப்பீர்கள். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து இடித்து, ஒரு பங்கை வாயில் போட்டு மென்று துப்பிக் கலந்து, மூன்று நாள் வாழையிலை போட்டு மூடிவைத்தால், அது மசாத்தோக் கள் ஆகும்வரை எந்த வீட்டுத் தொட்டியும் சத்தம் போடத்தான் செய்யும். ஸ்ஸ் என்று ஓயாமல் ஒரு நுரைச் சத்தம், நடுநடுவே பொளுக்கென்று குமிழி உடைகிற சத்தம், இலை மெல்ல எழும்பி மெல்லத் தணிகிற சத்தம். ஆறு ஏறி வந்து வீட்டுக்கு அடியிலேயே படுத்துக்கொள்கிற வெள்ள மாதங்களில், தரைப் பலகையின் இடுக்கு வழியே ஏறும் சேற்று வாடையும் தொட்டியின் புளித்த வாடையும் கலந்தால்தான் நம் பக்கத்தில் அது வீடு. சத்தம் இல்லாத அடுப்படி துக்க வீட்டு அடுப்படிதான்.

அதனால்தான் அவளுக்கு அது உறைத்தது. வெளியே வந்து நின்றாள். ஸ்ஸ், பொளுக். உள்ளே போனாள். கப்சிப். துறையில் துணி துவைக்கிற பெண்கள் ஒருத்தியைப் பற்றிப் புறணி பேசிக்கொண்டிருக்கும்போது அவளே படியிறங்கி வந்தால் எப்படி வாயை மூடிக்கொள்வார்களோ அப்படி. மூன்று தடவை போய்வந்து பார்த்தாள். மூன்று தடவையும் அதே கதைதான்.

வாசல் பக்கம் அவள் புருஷன் எல்மெர் வலை தைத்துக்கொண்டிருந்தான்.

"எல்மெர், நான் உள்ள போனா தொட்டி பேச மாட்டேங்குது."

"உன்னப் பத்தித்தான் பேசிட்டு இருந்திருக்கும். ஆளு வந்தா நிறுத்தத்தான செய்யும்?"

"கிண்டல் பண்ணாத. நீ போய் நில்லு பாப்போம்."

அவன் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுந்து போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். நுரை பாட்டுக்குச் சத்தம் போட்டது. "நல்லாத்தான் பேசுது. எனக்கும் அதுக்கும் என்ன சண்டை?" என்றான். அவளும் சிரித்தாள், உதட்டளவில்.

நெலிதாவுக்கு முப்பத்து நாலு வயது. நகரத்துச் சந்தையில் துணி விற்றுக்கொண்டிருந்தவள், எல்மெருக்கு இரண்டாம் தாரமாக இந்தக் கரைக்கு வந்து நாலு வருஷம். முதல் தாரம் இரைதா அதற்கும் ஒரு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்தவள். எட்டு மாதச் சூலியாக, ஒரு வெள்ளக் காலத்தில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் படகிலேயே உயிர் போனது. பிள்ளையை வெளியே எடுக்கவில்லை. தாயும் வயிறுமாகவே புதைத்தார்கள். மூத்த பெண் யாமிலேவுக்கு அப்போது மூன்று வயது.

நெலிதா வந்த முதல் வாரமே ஒரு காரியம் செய்தாள். இரைதாவின் தொட்டியில் கொதிதண்ணீரை ஊற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டு, தென்னை நாரால் தேய்த்துக் கழுவினாள். செத்தவள் எச்சில் ஊறின மரம். டவுன்காரிக்கு அருவருப்பு வராமல் இருக்குமா? அதற்கப்புறம் மெல்லாமல் துப்பாமல் சீனி போட்டுப் புளிக்கவைத்தாள். ஊரில் அதற்குச் 'சீனித் தண்ணி' என்று பெயர். விருந்துக்கு வருகிறவர்கள் மரியாதைக்கு ஒரு குடுக்கை குடித்துவிட்டு, "பல்லு இல்லாத கிழவி கூட இதவிட நல்லா மெல்லுவா" என்று படியிறங்கும்போது காதில் விழுகிற மாதிரியே சொல்லிவிட்டுப் போவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

சீனித் தண்ணிப் பட்டம் அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வயிறு திறக்காததுதான் வலித்தது. நாலு வருஷமாக மாதாமாதம் அந்தக் கறையைப் பார்க்கும்போது யாரோ கழுத்தைப் பிடித்துத் திருப்பி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும். எல்மெர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று நினைப்பாள்.

போன நவம்பரில் சுகாதார நிலையத்து மருத்துவச்சி ஊர்ப் பெண்கள் எல்லாரிடமும் பஞ்சுக் குச்சியால் வாயிலும் கீழேயும் மாதிரி எடுத்துக்கொண்டு போனார். தலைநகரத்தில் ஏதோ ஆராய்ச்சியாம். எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிடுகிற அந்தப் பெண், டிசம்பரில் முடிவோடு வந்து நெலிதாவை மட்டும் தனியாக உட்காரவைத்துச் சொன்னார்.

"நம்ம உடம்புல நாம மட்டும் குடியிருக்கலை நெலிதா. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் கோடிக்கணக்குல இருக்கு. வாயில ஒரு கூட்டம், குடல்ல ஒரு கூட்டம், கருப்பை வழியில ஒரு கூட்டம். அந்தக் கடைசிக் கூட்டம் நல்லதா அமைஞ்சா கரு வந்து உக்கார வசதின்னு சொல்றாங்க. உனக்கு அங்க நல்லதுங்க ரொம்பக் கம்மி. ஆளில்லாத வீட்ல கண்டதும் குடியேறும்ல, அந்த மாதிரி."

"மாத்திரை இருக்கா?"

"இதுக்கு இன்னும் இல்ல. ஆராய்ச்சிதான் பண்றாங்க. புளிச்சது சாப்பிடு, மனசத் தளர விடாத."

இந்தச் செய்தி ஊருக்குள் நடந்து லஸ்தேனியாவின் காதுக்குப் போக ஒரு நாள் கூட ஆகவில்லை. லஸ்தேனியா செத்துப்போன இரைதாவின் அக்காள். ஆற்றோட்டத்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறவள். நாலு வருஷமாக நெலிதாவின் படியை மிதிக்காதவள். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் ஒரு சின்ன மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு தோணியில் வந்து இறங்கினாள்.

"புளிச்ச மாவு கொண்டாந்திருக்கேன் புள்ள. இதுல ஒரு கை போட்டு, நீயும் மென்னு துப்பிப் பண்ணு. சீனிய ஆத்துல கொட்டு."

"யாருதுக்கா இது?"

லஸ்தேனியா ஒளிக்கவில்லை. "இரைதா மென்னது. அவளப் புதைச்ச அன்னிக்கே தொட்டியில இருந்து ஒரு கை எடுத்துட்டுப் போனேன். அஞ்சு நாளைக்கு ஒரு தடவ கிழங்கு போட்டுப் போட்டு உசுரோட வச்சிருக்கேன்."

நம் கரையில் ஒரு பெண் செத்தால் ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் அவள் மென்ற கடைசி மாவை ஆற்றில் கரைத்துவிட வேண்டும். 'வாயும் கூடவே போகட்டும்' என்பார்கள். பிறந்த வீட்டார் செய்ய வேண்டிய காரியம் அது. லஸ்தேனியா செய்யவில்லை.

"கரைக்கலையா அக்கா?"

"அவ துணியெல்லாம் வெள்ளத்துல போச்சு. போட்டோ ஒண்ணு கிடையாது. வேற என்னத்த வச்சுக்க?" அவள் பானையின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தாள். "ஒம்பது பெத்தா எங்கம்மா. எங்க வீட்டு வாயி பிள்ள குடுக்கற வாயி. இரைதாவுக்குக் கல்யாணமான மாசமே நின்னுச்சு. வேணும்னா வச்சுக்க. வேணாம்னா இப்பவே எடுத்துட்டுப் போறேன்."

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அருவருப்பும் அறியாது. நெலிதா பானையை வாங்கிக்கொண்டாள்.

முதல் வாய் மெல்லும்போது குமட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் தடவை போட்ட தொட்டிதான் அவளைக் கண்டு வாயை மூடிக்கொண்டது. அன்று சாயங்காலம் எல்மெர் முதல் குடுக்கையைக் குடித்தான். குடித்தவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். 

"என்ன, புளிப்பு ஜாஸ்தியா?"

"இல்ல," என்றான். "நல்லாருக்கு." இன்னொரு குடுக்கை குடித்தான். இன்னொன்று. நாலு வருஷத்தில் அவள் செய்ததை அவன் கேட்டு வாங்கிக் குடித்தது அன்றுதான். அவளுக்கு வயிறு குளிர்ந்தது, உண்மையைச் சொல்ல வேண்டுமே. பொறாமை அப்புறம்தான் வந்தது.

பிப்ரவரியில் கறை வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தை எழுதி மாளாது. அவள் கரண்டியும் கையுமாக அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எல்மெர் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஊர்ப் பெண்கள் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். சீனித் தண்ணி என்ற பெயர் ஒரே வாரத்தில் மறைந்தது. இத்தனை நல்லது நடக்கும்போது சில்லறை விஷயங்களை யார் பார்ப்பார்கள்?

சில்லறை விஷயங்கள் இவை. கொசு அவளைக் கடிப்பதை விட்டுவிட்டது. அந்தி நேரத்தில் எல்லாரும் புகைபோட்டு உட்கார்ந்து முதுகில் அடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கைகாலை நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "ஏது, இரைதா மாதிரி உக்காந்திருக்க. அவளையும் ஒரு கொசு தொடாது" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு பனம்புழு. பனை மரத்தைப் பிளந்து எடுக்கிற அந்தக் கொழுத்த வெள்ளைப் புழுவை நெலிதா நாலு வருஷமாகக் கண்ணால் பார்த்தாலே எழுந்து போய்விடுவாள். மார்ச் மாதம் ஒரு மத்தியானம் எல்மெர் சுட்டு வைத்திருந்ததில் பதினோரு புழுவைத் தின்றுவிட்டுத்தான் என்ன செய்தோம் என்று பார்த்தாள். விரலிடுக்கில் எண்ணெய் வடிந்தது. எல்மெர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.  மறுநாள் இருபது புழு கொண்டுவந்தான்.

வாடையும் மாறியது. தன் வாடை தனக்குத் தெரியாது என்பார்கள். அவளுக்குத் தெரிந்தது. கழற்றிப் போட்ட ரவிக்கையில் எப்போதும் இருக்கிற சோப்பும் வியர்வையுமான அந்த வாடை இல்லை. ஈர மரப்பட்டையும் பழுத்த கொய்யாவும் சேர்ந்த மாதிரி ஒன்று. முகர்ந்து பார்த்தாள். துவைத்துக் காயப்போட்டு மறுபடி உடுத்தி மறுபடி முகர்ந்தாள். வேறு யாரோ ஒருத்தியின் உடுப்பைத் தெரியாமல் எடுத்து மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

யாமிலே அந்த வாடைக்குத்தான் வந்தாள்.

அந்தப் பெண் ஒரு நாளும் சித்தியின் பாயில் வந்து படுத்தவள் இல்லை. கேட்டதற்குப் பதில், கொடுத்ததற்குச் சாப்பாடு, அதோடு சரி. மழை கொட்டுகிற ஒரு பகலில், நெலிதா தொங்குபடுக்கையில் படுத்திருக்கும்போது வந்தாள். கை வைக்கவில்லை. குனிந்து அவள் அக்குளில் மூக்கை வைத்தாள். மெல்ல இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு படுக்கையில் ஏறி, எட்டு வயதுப் பெண், கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு அவள்மேல் ஒட்டிக்கொண்டாள்.

"எங்க போயிருந்த?" என்றாள், தூக்கத்தில்.

நெலிதா அசையவில்லை. வெளியே மழை. தரைக்கு அடியில் ஆறு. அடுப்படியில் தொட்டி ஸ்ஸ் என்றது. அவள் வயிற்றுக்குள்ளும் ஏதோ ஸ்ஸ் என்றது. இரண்டும் ஒரே சீராக எழும்பித் தணிந்தன. வாயுக்கோளாறு என்று சொல்லிக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் டாக்டரம்மா விசைப்படகில் வந்தார். மார்ச்சில் இரண்டாவது மாதிரி எடுத்துப் போயிருந்தார். படியேறும்போதே முகம் சரியில்லை. முதலில் நாடாவை எடுத்து நெலிதாவின் வயிற்றை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"கடைசியா எப்ப குளிச்ச?"

"ஜனவரி பாதியில."

"நாள் கணக்கு தப்பா வச்சிருக்க. இது மூணு மாசம் இல்ல. ஏழு இருக்கும், எட்டு கூட இருக்கும்."

"ஜனவரியில கறை பாத்தேன் டாக்டரம்மா. நவம்பர்ல நீங்கதான பாத்தீங்க, வயிறு இருந்துச்சா?"

டாக்டரம்மா நாடாவைச் சுருட்டினார். பிறகு ஒரு தாளைப் பிரித்து, "இன்னொரு தப்பும் நடந்திருக்கு. என்னோட தப்பாத்தான் இருக்கும். உன் மாதிரி மாறிப்போச்சு" என்றார்.

"என்ன மாறுச்சு?"

"இந்த நுண்ணுயிர்க் கூட்டம் ஆளுக்கு ஆள் வேற. இரட்டைப் பிள்ளைங்களுக்குக் கூட ஒரே மாதிரி இருக்காது. நவம்பர்ல உன்கிட்ட இருந்தது ஒரு கூட்டம். இப்ப வாய், குடல், கீழ, எல்லாமே அடியோட வேற கூட்டம். அதுகூடப் பரவால்ல. அஞ்சு வருஷத்துக்கு முன்ன இதே ஊர்ல ஒரு தடவ மாதிரி எடுத்தோம். அதுல பதினாலாம் நம்பரும் உன்னோடதும் அச்சு அசல் ஒண்ணு. ஒரு இழை மாறலை. குளிர்பெட்டியில இருந்த பழசுல உன் பேர ஒட்டி அனுப்பிட்டேன்னு என்னைத் திட்றாங்க."

"பதினாலு யாரு?"

நெலிதாவுக்குப் பதில் தெரியும். இருந்தாலும் கேட்டாள். வேறு பேர் ஏதாவது வராதா என்று கேட்டாள். டாக்டரம்மா நோட்டைப் புரட்டி, விரலை வைத்துப் படித்தார்.

"இரைதா கனாயோ. எட்டாம் மாசத்துல எடுத்தது." அவசரமாக நோட்டை மூடினார். "பயப்படாத. பழைய குச்சிதான் மாறியிருக்கும். வாயைத் திற, இப்பவே புதுசா எடுத்துட்டுப் போறேன்."

"டாக்டரம்மா, இதுங்களக் கொல்ல மாத்திரை குடுங்க."

"எதுங்கள?"

"உள்ள இருக்கறதுங்கள. எல்லாத்தையும்."

"பைத்தியமா உனக்கு? கரு உக்காரணும்னுதான நாலு வருஷம் அழுத? அந்தக் கூட்டம் நல்ல கூட்டம். இப்ப போய் அதக் கலைச்சா காய்ச்சல் வரும், நாளாகாம வலி எடுக்கும். பிள்ள தங்காது." குரலைத் தாழ்த்தினார். "வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஆயிரம் நினைப்பு வரும். ஒண்ணும் யோசிக்காத. எட்டு மாசம்னா டவுனுக்குக் கூட்டிட்டுப் போகணும். படகு அடுத்த வாரம் வரும்."

விசைப்படகு போய்விட்டது. அது கிளப்பிய அலை வீட்டுத் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுப் போயிற்று. அடுத்த வாரம். படகில். எட்டு மாதத்தோடு. நெலிதா தரைப் பலகையின் இடுக்கு வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

எல்மெரிடம் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். "டாக்டரம்மாவே தப்புன்னு சொல்லிட்டாங்கல்ல? நீ சும்மா மனச ஒழப்பிக்காத, இரா," என்றான்.

"என்ன பேர் சொன்ன?"

"நெலின்னு சொன்னேன்."

"இரான்னு சொன்ன."

"அவ பேரு என் வாயில வந்து வருஷமாச்சு," என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

அவன் வலையை எடுத்துக்கொண்டு போனதும் அவன் தகரப்பெட்டியைத் திறந்தாள். போன வருஷம் காலில் முள் குத்திச் சீழ் வைத்தபோது கொடுத்த மாத்திரை. ஆறு மிச்சம் இருந்தது. சிவப்பும் கறுப்புமாக. இதுவும் கொல்லும் மாத்திரைதான். அதே டாக்டரம்மா கொடுத்ததுதான்.

மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விழுங்கினால் பிள்ளை போகும். நாலு வருஷம் அழுது வாங்கின பிள்ளை. என் பிள்ளையா, என்று கேட்டுக்கொண்டாள். வயிற்றில் ஒரு உதை விழுந்தது. மூன்று மாதக் கரு உதைக்குமா? உதைத்தது. அந்த உதையில் அவள் நெஞ்சு நிறைந்துபோனது, வெட்கக்கேடு. வேண்டாம் என்று பெட்டியை மூடினாள். கதவில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். படகு. எட்டு மாதம். தாயும் வயிறுமாக. மறுபடி திறந்தாள்.

முதல் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் போனது. மாத்திரை போகவில்லை. நாக்கு அதை மெதுவாக, பக்குவமாக, கடைவாய்ப் பக்கம் தள்ளி, உதட்டுக்குக் கொண்டுவந்தது. துப்பியது. அவள் துப்பவில்லை. வாய் துப்பியது.

இரண்டாவது. விரலால் தொண்டைவரை அழுத்தினாள். பல் விரலைக் கடித்தது. அவளுடைய பல், அவளுடைய விரலை. ரத்தம் வந்தது. ரத்தத்தை நாக்கு நக்கிக்கொண்டது.

மூன்றாவதுக்கு வாய் திறக்கவில்லை. தாடையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. மூடின வாய்க்குள் பற்கள் அசைந்தன. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். ஒன்றும் இல்லாத வாய் எதையோ மென்றது.

தன் வாயால் கெட்ட தவளையின் கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறாள். இது தன் வாய்கூட இல்லை.

மறுநாள் முற்பகலில் லஸ்தேனியா ஒரு கூடை கிழங்கோடு வந்தாள். வெள்ளம் கொல்லையைத் தின்பதற்குள் தோண்டியதாம். இரண்டு பேரும் தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்து மென்றார்கள். நெலிதா உட்கார நினைக்கவில்லை. உடம்பு உட்கார்ந்தது. கை கிழங்கை எடுத்தது. எச்சில் ஊறியது. இரண்டு வாயும் ஒரே தாளத்தில் மென்றன. ஒரே நேரத்தில் துப்பின.

பேச முடிகிறதா என்று பார்த்தாள். கொஞ்சம் முடிந்தது. அடியில் இருந்து வாளி இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தது.

"அக்கா. என்னை என்ன பண்ணுன?"

லஸ்தேனியா மெல்லுவதை நிறுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. கெட்டவள் முகம் இல்லை. "நான் ஒண்ணும் பண்ணலை புள்ள. என் தங்கச்சிய விட மனசில்லாம ஒரு கை மாவு வச்சிருந்தேன். பாவம், தங்கச்சிக்கு அந்த வயித்துப் பிள்ளையப் பெத்துக்கக் குடுத்து வைக்கலையேன்னு நெனச்சேன். உனக்கும் பிள்ள இல்லையேன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம்." லஸ்தேனியா கையை நீட்டி, நெலிதாவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அந்தத் தொடுகை நெலிதாவுக்கானது இல்லை. "ஒரு வீட்ல ரெண்டு பொம்பளைங்க இருக்கறதில்லையா? ஓரமா இரு."

பிறகு அவள் கூடையைக் கழுவிக்கொண்டு தோணியேறிப் போனாள். நெலிதா வாசலில் நின்று பார்த்தாள். கத்தினால் எல்மெருக்குக் கேட்கும். வலை போட்டிருப்பது கூப்பிடுகிற தூரம்தான். கத்தவில்லை. கத்துவது என்றால் எதை அசைக்க வேண்டும் என்று மறந்துவிட்டது.

உச்சிப் பொழுது. ஆறு வெயிலில் அசையாமல் கிடந்தது. அவள் கால்கள் திரும்பி அடுப்படிக்கு நடந்தன.

ஸ்ஸ். பொளுக். பொளுக்.

உள்ளே காலை வைத்தாள்.

சத்தம் நிற்கவில்லை. ஒரு கணம் அவளுக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. கடைசியில் கோபம் தீர்ந்துவிட்டது, இனி நம்மைக் கண்டு நிறுத்தாது. இலை எழும்பித் தணிந்தது. நுரை பாட்டுக்குப் பேசியது. தன் வீட்டு ஆள் வந்தால் யார் பேச்சை நிறுத்துவார்கள்?

அப்போதுதான் புரிந்தது.

இல்லை, என்று நினைத்தாள். நான் நெலிதா. வாயால் சொல்ல முடியவில்லை. வாய் மென்றுகொண்டிருந்தது. உள்ளுக்குள் சொன்னாள். பலமெல்லாம் திரட்டி, தலைக்குள், ஒரு தடவை. நான் நெலிதா.

எல்லாம் நின்றது.

தொட்டி மட்டும் இல்லை. வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஸ்ஸ். குடலின் முனகல். நாக்கடியில் ஊறிக்கொண்டிருந்த எச்சில். தாடை. உள்ளே உதைத்துக்கொண்டிருந்த கால். எல்லாம், ஒரே நேரத்தில், கப்சிப். ஆள் வந்ததும் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்க்கிற துறைப் பெண்கள்.

வாசலில் யாமிலே நின்றாள். கட்டைவிரல் வாயில். அவளும் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"அம்மா," என்றாள். "யாரோ வந்திருக்காங்களா?"

நெலிதா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் குழந்தை பக்கம் திரும்பியது. அவள் கை வயிற்றைத் தடவியது. அவள் உதடு சிரித்தது.

"யாரும் இல்ல கண்ணு," என்றது அவள் வாய். "நீ வா, வந்து குடி."

தொட்டி மறுபடி பேசத் தொடங்கியது.